சின்ன பிட்

வீட்டை விட்டுப் போகிறவர்கள் நகையை எடுத்துக்கொண்டு போவார்கள். என் அக்கா கிரைண்டரை எடுத்துக்கொண்டு போனாள். வண்ணக் கண்ணாடித் துண்டுகளின் விளிம்பைத் தேய்க்கிற சின்ன மேசைக் கிரைண்டர். தட்டிலிருந்த தண்ணீரைக் கொட்டி, துடைத்து, தேய்க்கும்போது ஈரம் கொடுக்கிற பஞ்சோடு துண்டில் சுற்றி எடுத்துப் போயிருந்தாள். அம்மா வெறும் மேசையைப் பார்த்துவிட்டு, "பஞ்சையுமா எடுத்துட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு நாலு மாதம் வெட்டிய கண்ணாடியெல்லாம் பெட்டியிலேயே கிடந்தது. வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்யக் கேட்டவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். மேசையில் கிரைண்டர் இருந்த இடம் வெளுத்த சதுரமாகத் தெரிந்தது. அதன் மேல் நானும் எதையும் வைக்கவில்லை, அம்மாவும் வைக்கவில்லை. அது காலியாக இருக்கிறவரை அக்கா வந்துவிடலாம் என்று எனக்கு ஒரு கணக்கு. அழுகை எல்லாம் வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், பெட்டி மேல் படிந்த தூசியைத் தட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, "கிளம்பு, கிரைண்டர் வாங்கணும். இனிமே நீதான் உக்காரப் போற, நீயே பார்த்து எடு" என்றாள்.

எதைக் காட்டினாலும் குறை சொல்லிவிடுவது என்று போகிற வழியிலேயே முடிவு செய்தேன்.

கடைக்காரர் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். முதலில் பெரியதாக ஒன்றை எடுத்து வைத்து ஓடவிட்டார்.

"சத்தம் அதிகம்" என்றேன்.

"அட, பேச்சு வருதே! இத்தனை வருஷமா இது தலையை மட்டும்தான் ஆட்டும்னு நினைச்சேன்."

இரண்டாவது சிறியது. கொண்டுபோன பச்சைக் கண்ணாடியை, வைரத்தூள் பூசிய பிட் உருளை சுழலும்போது அதன் மேல் வைத்து வேண்டுமென்றே அழுத்தினேன். மோட்டார் திணறி நின்றது.

"அழுத்தினா நின்னுடுது."

"துணி துவைக்கிற கல்லாம்மா அது? இப்படிப் போட்டு அழுத்துற!"

மூன்றாவதை ஓடவிட்டார். அதில் முகத்துக்குத் தடுப்பு இல்லை. அதைச் சொன்னதும் அவர் அம்மாவிடம் திரும்பினார்.

"உங்க பெரிய பொண்ணே தேவலைம்மா. போன வாரம் வந்துச்சு, பிட் வாங்கிச்சு, ரெண்டு நிமிஷத்துல கிளம்பிடுச்சு."

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குள் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். கையில் தெறித்த தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. அது மட்டும்தான் தெரிந்தது.

"என்ன அளவு?" என்றாள் அம்மா.

"எதும்மா?"

"பிட்டு. என்ன அளவு வாங்கினா?"

"சின்னது. ஆறு மில்லி. ரெண்டு எடுத்துச்சு."

 அம்மா என்னையும் பார்க்காமல் அவரையும் பார்க்காமல், "உள்வளைவு தேய்க்கிறா. பூ வேலையோ இலை வேலையோ கிடைச்சிருக்கு. நேர்க்கோட்டுக்கு யாரு ஆறு மில்லி வாங்குவா" என்றாள்.

கடைக்காரர் மோட்டாரை நிறுத்தினார். "உங்களுக்குத் தெரிஞ்சுதான் வந்துச்சுன்னு நினைச்சேன்…"

"அவ வாங்கின பிட்டு இதுல எதுக்குப் பொருந்தும்?"

"பெருசுக்கு மட்டும்தான். மத்த ரெண்டுக்கும் தண்டு மெலிசு, பிட்டே வேற."

"அப்போ பெருசையே கட்டுங்க."

"சின்னப் பொண்ணுக்குச் சத்தம் ஆகலையாமே?"

"பழகிடும்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வேறு குறை எதுவும் சொல்லவில்லை. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னாள்: "சின்ன பிட்டு எப்பவும் இருப்புல வச்சிருங்க. பெரியவளுக்கு அழுத்தித்தான் ஓட்டத் தெரியும். சீக்கிரமே மொட்டையாக்கிட்டு வந்து நிப்பா."

பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். வழியில் அம்மா ஒரே ஒரு தடவை, "மெலிஞ்சு இருந்தாளான்னு கேட்டிருக்கலாம்" என்றாள். திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று நான் நின்றேன். அவள் நிற்கவில்லை. பெட்டி என்னையும் இழுத்துக்கொண்டு போனது.

புதுக் கிரைண்டர் அந்த வெளுத்த சதுரத்தைவிட ஒரு விரல் அகலம். வைத்ததும் சதுரம் மறைந்துவிட்டது. தட்டில் தண்ணீர் ஊற்றி, பஞ்சை நனைத்துச் செருகி, ஓடவிட்டேன். வீடு முழுக்கச் சத்தம்.

"அழுத்தாதடீ!" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

நான் இன்னும் கண்ணாடியையே கையில் எடுக்கவில்லை.