பாஸ் மாஸ்டர் வீட்டுச் சரிவு

பாஸ் மாஸ்டரின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, வீட்டுத் தரை அவள் உட்காரும் நாற்காலியை நோக்கிச் சரிந்துகொண்டது. உரிக்க வைத்த வெங்காயம், கைதவறிய டம்ளர், கழற்றிப் போட்ட செருப்பு எல்லாம் அவள் காலடிக்குப் போய்ச் சேர்ந்தன. நாற்காலியை வேறு அறைக்கு மாற்றினால் சரிவும் கூடவே போனது. கொத்தனார் வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவிலேயே நின்றது. "மட்டம் சரியாத்தான் இருக்கு. உருளுறது உருளுது, நான் என்ன பண்ண?" என்று கூலி வாங்கிக்கொண்டு போனார்.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவரிடம் படித்து லைசென்ஸ் பரீட்சையில் தோற்றவர் கிடையாது. பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். எச்சரிக்கைப் பலகைகளுக்கு அவர் அர்த்தம் சொல்லித்தருவதில்லை. "சரிவுல கார் இருக்கிற படம் வந்தா மூணாவது விடை. கண்ணை மூடிக்கிட்டுத் தட்டு" என்பார். மனைவிக்கும் அதையே சொன்னார், அவளும் பாஸானாள். செங்குத்தான இறக்கம் வருகிறது, சின்ன கியருக்கு மாற்று என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மலைப்பாதையில் அந்தப் பலகையைத் தாண்டியதும் அவள் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டாள். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய், கார் பாறையில் மோதியது. அவளுடைய வலது முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவள் ஓட்டிய லட்சணத்தைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினார்கள். "என் தப்புதான்" என்று அவளும் தலைகுனிந்தாள். மாஸ்டர் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவளிடம் போவது அவருக்குச் சுலபம், எழுந்து விலகத்தான் மூச்சு வாங்கியது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல, வெளியே சொல்லவும் முடியாமல் வருடங்கள் போயின.

மகள் வளர்ந்து, கார் ஓட்டக் கற்கிறேன் என்றாள். "வேணாம்டி. என் மக்குப் புத்திதான் உனக்கும் இருக்கும்" என்று தாய் தடுத்தாள். மாஸ்டர் சட்டென்று எழுந்தார். எழுந்தவர் நிற்க முடியாமல் சறுக்கி மனைவியின் காலடியில் விழுந்தார். அந்தப் பலகையின் அர்த்தத்தையும், அதைத் தான் சொல்லித்தராததையும் விழுந்த இடத்திலேயே சொன்னார்.

அவள் வெகுநேரம் அழுதாள்.

"இத்தனை வருஷமா நான் மக்குன்னே நினைச்சுட்டேங்க. மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. இவளுக்கு முன்னாடி எனக்குச் சொல்லிக்கொடுங்க. முதல் படத்துலேருந்து."

தரை நிமிரவில்லை. மேசைக் கால்களுக்குக் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு மூவரும் படிக்க உட்கார்ந்தார்கள். பென்சிலை மட்டும் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.