கறுப்பு ஒயர்

ஒரு கட்டடத்தில் மின்சாரம் எந்த ஒயரில் வருகிறது, எதில் திரும்பிப் போகிறது என்பதை நிறம்தான் சொல்லும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்றால் மின்சாரம் வரும். கறுப்பு என்றால் நியூட்ரல், திரும்பும் வழி. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒயரிங் டீச்சர் பதினெட்டு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். மூன்று வருடத்துக்கு முன் விதி மாறியது. புதிய கட்டடங்களில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றிலும் மின்சாரம் வரும், நீலம்தான் நியூட்ரல்.

இதை ஆசிரியர்களுக்குப் புரியவைக்கக் கம்ப்யூட்டரில் ஆறு மணி நேரப் பாடம் வைத்தார்கள். டீச்சர் அதை அதுபாட்டுக்கு ஓடவிட்டு விடைத்தாள் திருத்தினாள். கடைசித் தேர்வை எழுதியது மகள். தப்பானால் திரும்ப எழுதலாம்.

"நாலாவது தடவையில தொண்ணூத்திரெண்டு. சர்டிபிகேட்ல என் பேரப் போடச் சொல்லும்மா," என்று மகள் சிரித்தாள். வகுப்பில் பயிற்சிப் பலகை மாறவில்லை. அதில் பழைய ஒயர்தான்.

அந்தப் பலகையில் படித்துப் போன ஒருவன் இப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தான். டீச்சர் பார்க்கப் போனாள். வலக்கையில் இரண்டு விரல் இல்லை.

"கறுப்புதானேன்னு டெஸ்டர் வைக்காம தொட்டுட்டேன் மேடம். என் தப்புன்னு எழுதிக் கொடுத்துட்டேன்." மனைவி பக்கம் திரும்பினான். "இனிமே மோதிரம் வாங்கித் தரச் சொல்லி உங்க அப்பாகிட்ட கேட்டுடாத, மாட்ட விரலில்ல."

"உங்களுக்கு எப்பவும் விளையாட்டு," என்றவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் டீச்சர் நேராக முதல்வர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள், மகள் எழுதிய தேர்வு உட்பட.

முதல்வர் கதவைச் சாத்தினார். "அவனே ஒத்துக்கிட்டான். நீங்களா வாயக் கொடுத்து ஏம்மா வேலையைப் போக்கிக்கிறீங்க?"

"விதி மாறினப்புறம் எழுபத்தாறு பேர அனுப்பியிருக்கேன் சார். ரிஜிஸ்டரைக் கொடுங்க, எல்லாருக்கும் போன் பண்ணணும்."

"போன் பண்ணீங்கன்னா நான் உங்களக் காப்பாத்த முடியாது."

"சரி சார்."

ரிஜிஸ்டரோடு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தாள். "நான் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்பா," என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்கினாள். பலர் சிரித்தார்கள். "முதல் நாளே மேஸ்திரி திட்டித் தீர்த்துட்டாரு மேடம். 'எந்தக் காலத்துப் படிப்புடா'ன்னு கேட்டாரு." ஒருத்தி மட்டும் கேட்டாள்: "உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது மேடம்?"

"நேத்து."

நாற்பத்தொன்றாவது அழைப்பை ஒரு அம்மா எடுத்தார். "போனை வச்சிட்டுப் போயிட்டான்மா. இன்னைக்குத்தான் தனியா முதல் வேலை. புதுசாக் கட்டின ஆறு மாடின்னான்."

"எந்த இடம்?"

"பஸ் டெப்போ பின்னாடின்னு நெனைக்கிறேன். ஏம்மா, நல்லா வேலை செய்வான்ல?"

"நல்லாச் செய்வான்மா," என்றாள் டீச்சர், ஒரு கையால் செருப்பைத் தேடிக்கொண்டே. மணி பதினொன்று ஆகியிருந்தது. எட்டுக்கே வேலை தொடங்கியிருக்கும்.