பதிமூன்று கிலோ கூடுதல்

எடைமேடையின் எண்கள் 2738-இல் வந்து நின்றன. போஷெனா குனிந்து பேருந்தின் நான்கு சக்கரங்களையும் பார்த்தாள். எவனாவது பலகை மேல் காலை வைத்துக்கொண்டு நிற்கிறானோ என்று சந்தேகம். யாரும் இல்லை. இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னாள். மறுபடியும் 2738. அவள் கையிலிருந்த தாளில் வரம்பு 2725 என்று இருந்தது.

ஆகஸ்ட் முப்பது, மாலை நான்கு மணி. நாளைக்குள் இந்த வண்டி பதிவாகவேண்டும். பதிவாகாவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் ஆகாது. எஞ்சின் பழைய புகை விதிப்படி ஒப்புதல் வாங்கியது. செப்டம்பர் ஒன்றிலிருந்து புது விதி. முப்பத்தொன்றாம் தேதி மாலைவரை வண்டியாக இருப்பது, மறுநாள் காலையில் ஜன்னல் வைத்த கோழிக்கூண்டு. ஐரோப்பாவில் ஒரு சாலையில்கூட அதை ஓட்ட முடியாது.

கியெல்ட்ஸே நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துஷின்ஸ்கியின் பட்டறையில் பதினெட்டு வருஷமாக ஒப்புதல் வேலை பார்ப்பவள் போஷெனா. வெறும் வேனாக வருவதைப் பட்டறை பேருந்தாக்கும். அது பேருந்துதான் என்று அரசாங்கத்தை ஒப்புக்கொள்ள வைப்பது அவள் பாடு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டும் என்பார்கள். இந்தத் தொழிலில் பூசாரிகள் ஏழெட்டுப் பேர். பிரேக்குக்கு ஒருவர், இருக்கைக்கு ஒருவர், சத்தத்துக்கு ஒருவர், கண்ணாடிக்கு ஒருவர். புகைக்கு இருப்பவர்தான் எல்லோரிலும் முசுடு. ஏனென்றால் புகைச் சான்று எஞ்சினை மட்டும் பார்ப்பதில்லை, வண்டியின் எடையையும் பார்க்கிறது. எடை வரம்பைத் தாண்டினால் அதே எஞ்சினை லாரி எஞ்சினாக எண்ணி முதலிலிருந்து சோதிக்கவேண்டும். எட்டு மாதம் ஆகும். இவர்களிடம் இருப்பதோ ஒரு நாள்.

"பதிமூணு கிலோ," என்றாள் போஷெனா. "வானத்துலேர்ந்தா விழுந்துச்சு? யாரு என்ன போட்டீங்க, சொல்லுங்க."

பட்டறை ஆட்கள் ஏழு பேரும் சர்ச்சில் பிரசங்கம் கேட்பதுபோல நின்றார்கள். முதலில் தச்சர் வாயைத் திறந்தார்.

"தரைப் பலகை குறைஞ்சது பதினஞ்சு மில்லிமீட்டர் கனம்னு எழுதியிருந்தீங்க. நான் பதினெட்டு போட்டேன். சக்கர நாற்காலி ஏறி இறங்குற எடமாச்சே. எதுக்கும் இருக்கட்டும்னு..."

"அப்புறம்?"

"அடியில துருப்பிடிக்காத பூச்சு ரெண்டு கோட்டுதான்," என்றார் பெயின்டர். "மூணா அடிச்சேன். நம்ம ஊரு ரோட்டுல பனிக்காலம் பூரா உப்பைக் கொட்டுறான். எதுக்கும் இருக்கட்டும்னு."

வெல்டர் கைப்பிடிக் கம்பிகளை அலுமினியத்துக்குப் பதில் எஃகில் வைத்திருந்தார். அவருக்கும் அதே காரணம். ஒருவரும் ஒரு வார்த்தை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள், அதனால்தான்.

அவளுக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. இவர்கள் சோம்பேறிகளாகவோ திருடர்களாகவோ இருந்திருந்தால் வாய்விட்டுத் திட்டி ஆற்றிக்கொள்ளலாம். திருடுகிறவன் எடையைக் குறைப்பான். இந்தப் புண்ணியவான்கள் கூட்டுகிறார்கள். கேட்டதற்கு மேல் ஒரு பிடி போடாவிட்டால் இந்த ஊர்க்காரனுக்குக் கை அரிக்கும்.

"எதுக்கும் இருக்கட்டும், எதுக்கும் இருக்கட்டும்," என்றாள். "நான் ஒருத்தி இங்க கிராம் கிராமா எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க ஆளாளுக்கு அள்ளிப் போட்டுட்டு வந்து நிக்கிறீங்க. நாளைக்கு இந்த வண்டி நின்னுபோச்சுன்னா அந்தப் பிள்ளைங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது? நீங்களா?"

பிள்ளைகள் என்று அவள் சொன்னது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சிறப்புப் பள்ளியின் பிள்ளைகளை. பதினொரு பேர். அதில் நான்கு பேர் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். அவர்களுடைய பழைய வண்டி ஜூன் மாதத்தோடு உயிரை விட்டுவிட்டது. செப்டம்பர் ஒன்றில் பள்ளி திறக்கிறது.

செய்தி கேட்டு முதலாளி துஷின்ஸ்கி அலுவலகத்திலிருந்து இறங்கி வந்தார். கையில் கண்ணாடி டம்ளரில் காபி.

"போஷெனா மேடம், 2725-ன்னே எழுதிடுங்க. பதிமூணு கிலோல்லாம் ஒரு கணக்கா? நம்ம மேஸ்திரி லெஷெக் ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தா அவ்வளவு ஏறிடுவான்."

"நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க, டைரக்டர் சார்."

"என் கையெழுத்து அங்க செல்லாதே."

"அதான் சொல்றேன். செல்லுற கையெழுத்து என்னோடது. நாளைக்குச் சோதனைக்கு வர்ற மஸூர் அவரோட தராசைக் கொண்டு வருவார். பொய் எழுதினா இந்த வண்டியோட போகாது. நம்ம பட்டறையோட ஒப்புதலையே பிடுங்கிடுவாங்க. அப்புறம் நீங்களும் நானும் சந்தையில வெள்ளரிக்கா ஊறுகாதான் விக்கணும்."

முதலாளி காபியைக் குடித்துவிட்டு, "அப்ப எதையாவது கழட்டுங்க," என்று மாடிக்குப் போய்விட்டார்.

எதைக் கழற்றுவது? தரையைத் தொட்டால் இருக்கைச் சோதனை செல்லாது. கைப்பிடிகளைத் தொட்டால் உள்கட்டுச் சான்று செல்லாது. மூன்றாவது கோட்டுப் பூச்சை யார் சுரண்டுவது? நாற்காலி ஏற்றும் லிஃப்டைக் கழற்றினால் இந்த வண்டியே எதற்கு? கழற்றினாலும் எந்தப் பூசாரியும் கேள்வி கேட்காத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பின்பக்க ஹீட்டர். அதற்கென்று தனி பேட்டரி, குழாய்கள், தாங்கி. எல்லாம் சேர்த்துப் பதினேழு கிலோ.

அவள் ஹீட்டர் என்றதும் மேஸ்திரி லெஷெக் முன்னால் வந்தார்.

"ஏம்மா போஷெனா, அதை மட்டும் விட்டுடு."

"வேற வழி சொல்லுங்க மேஸ்திரி, கேட்டுக்கறேன்."

"அந்தப் பள்ளிக்கூடத்து யோலாந்தா அம்மா ரெண்டு தடவை வந்து கேட்டது அது ஒண்ணைத்தான். ஒவ்வொரு நாற்காலியையும் ஏத்த லிஃப்ட் அஞ்சு நிமிஷம் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கும். நாலு நாற்காலி. ஜனவரியில மைனஸ் பதினஞ்சு. நாம குளிருச்சுன்னா காலை உதறிக்குவோம். அந்தப் பிள்ளைங்க எதை உதறும்?"

"எனக்குத் தெரியாதா?"

"எஞ்சின் விடுற புகை ஒரு பொட்டுக்கூட மாறப்போறதில்ல. ஹீட்டர் இருந்தாலும் அதே புகை, இல்லாட்டியும் அதே புகை."

"அதும் எனக்குத் தெரியும் மேஸ்திரி. அந்தத் தாளுக்குத் தெரியாதே."

யோலாந்தா அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. போஷெனா அவளுக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஹீட்டரோடு போனால் பதிவாகாது, பதிவாகவேண்டுமென்றால் ஹீட்டர் கிடையாது.

"அப்புறமா மாட்டிக்க முடியாதா மேடம்?"

"முடியாது. எண்ணெய் எரிக்கிற சாமான் அது. புதுசா மாட்டினா வண்டிக்குப் புது ஒப்புதல் வாங்கணும். அப்ப இந்த எஞ்சினோட தேதி முடிஞ்சு போயிருக்கும்."

"சொல்லாம மாட்டிக்கிட்டா?"

"வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போகும்ல, அங்க தெரிஞ்சுடும். நடுவுல ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சுடுவான்."

"பிள்ளைங்களை ஏத்துற வண்டி. அப்படிப் பண்ண மாட்டேன்," என்றாள் யோலாந்தா. "கழட்டிடுங்க. கம்பளி வச்சுப் பாத்துக்கறோம். எப்பவும் அப்படித்தானே பாத்துக்கிட்டோம்."

அந்தக் கடைசி வாக்கியம் போஷெனாவை அறைந்ததுபோல இருந்தது. கோபப்பட்டிருந்தால் தேவலை.

மறுநாள் காலை ஆறு மணிக்கே லெஷெக் தானே வண்டிக்கு அடியில் படுத்து ஹீட்டரைக் கழற்றினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. குழாய் போன ஓட்டைகளை அடைத்து மூடுவதற்குள் மணி பன்னிரண்டு. போஷெனா பக்கத்தில் நின்று எடையைப் பார்த்தாள். 2721. நான்கு கிலோ மிச்சம். லெஷெக் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கை கழுவப் போய்விட்டார்.

ஒன்றரைக்கு மஸூர் வந்தார். ஒப்புதல் சோதனை செய்யும் இன்ஜினியர். ஓய்வு பெற ஒரு வருஷம் பாக்கி, அவசரமே இல்லாத மனிதர். தன்னுடைய தராசுப் பலகைகளைச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். எண்ணெய் அளவைப் பார்த்தார். எண்களைக் குறித்துக்கொண்டார், கூட்டினார், தலையாட்டினார். யோலாந்தாவும் பள்ளி டிரைவரும் ஏற்கெனவே வந்து வாசலில் காத்திருந்தார்கள். பதிவு அலுவலகம் மூன்றரைக்கு மூடிவிடும். போக முக்கால் மணி நேரம் ஆகும்.

மஸூர் முத்திரையைக் குத்தித் தாளை நீட்டினார்.

"போஷெனா மேடம், வழக்கம்போல கச்சிதம். பத்தொன்பது கிலோ மிச்சம் வச்சிருக்கீங்க."

"நாலு கிலோ, இன்ஜினியர் சார்."

"பத்தொன்பது. 2721 இருக்கு. வரம்பு 2740."

"2725."

மஸூர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார். "புகைச் சான்றுல 2840 போட்டிருக்கான். விதிப்படி இருபத்தஞ்சைக் கழிங்க, டிரைவருக்கு எழுபத்தஞ்சைக் கழிங்க. எவ்வளவு வருது?"

அவள் தன் தாளைப் பார்த்தாள். 2725. அச்சில் அழகாக இருந்தது. பக்கத்தில் ஒரு விளக்கமும் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன் இன்னொரு வண்டியில் பட்டறைத் தராசுக்கும் மஸூரின் தராசுக்கும் ஒன்பது கிலோ வித்தியாசம் வந்து, எல்லோர் முன்னாலும் அவள் அவமானப்பட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே உட்கார்ந்து வரம்பில் பதினைந்து கிலோவைக் குறைத்துவைத்தாள், இனிமேல் அப்படி ஒரு தலைகுனிவு வரக்கூடாது என்று. பிறகு தராசை மாற்றினார்கள், கணினியை மாற்றினார்கள். அந்த எண் மட்டும் தாளுக்குத் தாள் நகலாகிக்கொண்டே வந்தது. அதை வைத்தது தான்தான் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

2738. ஹீட்டரோடு. 2740-க்கு இரண்டு கிலோ குறைவு.

"மேஸ்திரி," என்று கூப்பிட்டாள். "ஹீட்டரைத் திருப்பி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

லெஷெக் அவள் முகத்தைப் பார்த்தார், மஸூரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பதினெட்டு வருஷம் கூட வேலை பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"மூணு மணி நேரம். ஓடிப் பண்ணாலும் ரெண்டரை."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. போஷெனா ஒருமுறை கணக்குப் போட்டாள், இன்னொரு முறை போட்டாள். எப்படிப் போட்டாலும் வரவில்லை.

"யாருகிட்டயும் சொல்லாத," என்றார் லெஷெக் மெதுவாக. "ஆனது ஆச்சு. நேத்து எங்களைத் திட்டினதையும் விடு."

அவர் திட்டியிருக்கலாம். நேற்று அவள் திட்டியதில் பாதியாவது திருப்பிக் கொடுத்திருக்கலாம். தச்சரும் வெல்டரும் பெயின்டரும் போட்டதெல்லாம் வரம்புக்குள்தான் இருந்திருக்கிறது. அள்ளிப் போட்டவர்கள் யாருமே தவறு செய்யவில்லை, கிராம் கிராமாக எண்ணியவள்தான் செய்திருக்கிறாள்.

போஷெனா தாள்களை உறையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். வாசலுக்குக் கொண்டுவந்த பேருந்தில் யோலாந்தா டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கண்ணாடியை இறக்கி உறையை வாங்கினாள்.

"ஹீட்டரைக் கழட்டியிருக்க வேண்டியதே இல்ல," என்றாள் போஷெனா. "என் கணக்குத் தப்பு. வண்டி சரியாத்தான் இருந்துச்சு. இப்பத் திருப்பி மாட்ட நேரம் இல்ல."

யோலாந்தா உறையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் எஞ்சினை முடுக்கினான்.

"எத்தனை பனிக்காலம் ஓடும் இது?" என்று கேட்டாள் யோலாந்தா.

பின்னாலேயே வந்து நின்ற லெஷெக் சொன்னார்.

"நல்லாப் பண்ணியிருக்கோம்மா. பதினஞ்சு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது."

யோலாந்தா தலையாட்டினாள். கண்ணாடியை ஏற்றினாள். மணி இரண்டு ஐந்து ஆகியிருந்தது, வண்டி உடனே கிளம்பியாகவேண்டியிருந்தது.