மூன்றாம் மாடியில் எர்த் இல்லை

அக்கா வீடு வாங்கியிருக்கிறாள் என்று கேட்டதும் வாழ்த்துக்கூடச் சொல்லாமல் எந்தக் கட்டிடம் என்று இரண்டு முறை கேட்டேன். தம்பிக்குப் பொறாமை என்று அத்தான் நினைத்திருப்பார். மூன்றாம் மாடி, கடைசி வீடு, நல்ல காற்று என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கட்டிடத்துக்கு வயரிங் செய்த நான்கு பேரில் நானும் ஒருவன்.

அங்கே இல்லாதது எர்த். ஏழு வருடத்துக்கு முன்பு, அந்த மாடிக்கு எர்த் கம்பி இழுப்பதற்குள் கொத்தனார்கள் சுவரைப் பூசிவிட்டார்கள். மறுநாள் மின் இன்ஸ்பெக்டர் வருகிறார். பூச்சை உடைக்கலாமா என்று கேட்டேன். கான்ட்ராக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த இன்ஸ்பெக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் 'மூணு விளக்கு'. எந்தப் பெட்டியையும் திறக்க மாட்டார். ஒரு சோதனை பிளக் வைத்திருப்பார், சொருகினால் அதில் மூன்று விளக்கும் எரிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு உலகம். ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்குள்ளும், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டுக் கம்பியைப் போட்டோம். மூன்றும் எரிந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எங்களுக்கு விரல் நீளக் கம்பி போதுமானதாக இருந்தது. சர்ட்டிபிகேட் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி வாசலில் உட்கார்ந்தது.

அக்கா குடிபோன மாதமே அதே மாடியில் ஒரு வீட்டில் நியூட்ரல் இணைப்பு கருகிவிட்டது. ஃபிரிட்ஜைத் தொட்ட பெரியவரைக் கரண்ட் தூக்கி எறிந்தது. தலைக்கு வந்தது தோளெலும்போடு போயிற்று. ஃபிரிட்ஜ் மட்டமான சரக்கு என்று சொல்லி அதைத் தூக்கிப் போட்டார்கள், வயரிங்கை ஒருவரும் சந்தேகப்படவில்லை. அதற்குமேல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்க்ரூடிரைவரோடு போய் நின்றேன்.

"அக்கா, இந்த வீட்டுல எர்த் இல்ல."

"கீழ சர்ட்டிபிகேட் மாட்டியிருக்கேடா?"

"அத வாங்கிக் குடுத்த கைங்கள்ல ஒண்ணு இதுதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினுக்குள் கரண்ட் கசிந்தால் அது மண்ணுக்கு ஓட ஒரு வழி வேண்டும், அதற்குத்தான் எர்த். இங்கே அந்த வழியே கிடையாது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்தத் துண்டுக் கம்பி வழியாக வாஷிங் மெஷினின் தகரம் முழுக்கக் கரண்ட் ஏறும். அப்போது அதைத் தொடுகிற ஆள்தான் எர்த்.

அவள் மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எத்தன வீடு?" என்றாள்.

"மாடி முழுக்க. பன்னெண்டு."

"பாவி" என்றாள். நான் பாவிதான்.

அவள் வீட்டில் இருந்த துண்டுக் கம்பிகளையெல்லாம் அன்றே பிடுங்கினேன். அடுத்து, கரண்ட் கசிந்தால் தானே விழுகிற டிரிப் சுவிட்ச் ஒன்றை வாங்கிக்கொண்டு குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போனேன். மெயின் போர்டு அவர் பூட்டுக்குள் இருக்கிறது. "சர்ட்டிபிகேட் வாங்கின போர்டுல யாரும் கை வைக்கக் கூடாது, ரூல்" என்றார். கீழே இருந்து புது எர்த் கம்பி இழுக்கவா என்றேன். அதற்கும் அதே ரூல்.

இரண்டே நாளில் அக்காவிடமிருந்து போன். "மெஷினத் தொட்டா சுர்ருங்குதுடா. நீ கை வைக்கற வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு." மெஷினில் எப்போதும் இருக்கிற சின்னக் கசிவுதான். இதுவரை துண்டுக் கம்பி வழியாக நியூட்ரலுக்குப் போனது, இப்போது போக்கிடம் இல்லாமல் தகரத்தில் நின்றது. அத்தான் நேராகச் செயலாளரிடம் போனார், செயலாளர் இன்ஸ்பெக்டரை வரவழைத்தார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மாடி முழுக்கச் சோதித்தால் குட்டு உடையும் என்று நம்பினேன்.

வந்தவர் அதே மூணு விளக்கு. மீசை மட்டும் நரைத்திருந்தது. பதினோரு வீட்டிலும் சொருகினார், மூன்றும் எரிந்தன. அக்கா வீட்டில் மட்டும் ஒன்று எரியவில்லை.

"பக்கத்து வீட்டுப் பெட்டியத் திறந்து பாருங்க சார்."

"திறக்கறது என் வேல இல்லப்பா. விதியில சோதிக்கணும்னுதான் இருக்கு."

"அந்த விதி எதுக்கு சார் இருக்கு?"

"எழுதினவன போய்க் கேளு."

மாடிப்படியில் அவரை மறித்து, அன்றைக்கு நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "கம்பி போட்டது நீ. கையெழுத்து போட்டது நான். ஓய்வுக்கு இன்னும் நாலு மாசம். இத நான் கேக்கவே இல்ல."

பிறகு தெளிவாக எழுதிக் கொடுத்தார்: கடைசி வீட்டின் வயரிங் ஆபத்தானது. மூன்று நாளில் சரிசெய்யாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என் யோக்கியம். பன்னிரண்டு வீட்டில் பொய் இல்லாத ஒரே வீடு என் அக்காவுடையது, ஆபத்தான வீடு என்று பெயர் வாங்கியதும் அதுதான். எதிர்வீட்டுக்காரி தன் பிள்ளையை இந்தப் பக்கம் விளையாட அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

நானும் வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சொல்லிப் பார்த்தேன். "உங்க அக்கா வீட்ட மொதல்ல சரி பண்ணுங்க" என்று சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா கூப்பிட்டாள். "அந்தக் கம்பியத் திருப்பி வச்சிடு."

"வேணாங்க்கா. தெரிஞ்சே எப்படி?"

"கரண்டக் கட் பண்ணிட்டா எங்கடா போவோம்? நீ வைக்கலன்னா கடைத்தெருவுல யாரையாவது கூட்டிட்டு வருவேன்."

கூட்டிக்கொண்டு வருவாள். அவன் அவசரத்தில் தளர்வாக முறுக்கிவிட்டுப் போவான். அதற்கு நானே மேல் என்று உட்கார்ந்து துண்டுக் கம்பிகளைத் திருப்பி வைத்தேன். நியூட்ரல் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து இறுக்கினேன். என் தொழிலில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. ஆனால் அந்த மாடியின் மற்ற இணைப்புகள் எந்தச் சுவருக்குள் கருகிக்கொண்டிருக்கின்றனவோ, அங்கே என் கை எட்டாது.

மூணு விளக்கு வந்தார், சொருகினார், மூன்றும் எரிந்தன. என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மூன்று நாள் அழுக்குத் துணி மூலையில் குவிந்து கிடந்தது. அக்கா மகள் ஒரு கை அள்ளிக்கொண்டு மெஷினை நோக்கிப் போனாள். அக்கா அவள் கையிலிருந்து துணியைப் பிடுங்கினாள்.

"இனிமே இந்த மெஷின நான் மட்டுந்தான் தொடுவேன். நீயும் வரக் கூடாது, அப்பாவும் வரக் கூடாது. புரியுதா?"

"ஏம்மா? மாமாதான் சரி பண்ணிட்டாருல்ல?"

அக்கா மகளை வாசற்படிக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மெஷின் மூடியில் கை வைத்தாள்.