முதலாளிக்கு என்ன முறை?

அவருக்கு வீட்டில் வைத்தது நல்ல பெயர்தான். ஆனால் நெடுந்தூர லாரி ஓட்டுகிற வட்டாரத்தில் அது ஒருவருக்கும் தெரியாது. தூங்குமூஞ்சி என்றால்தான் தெரியும். பழைய கம்பெனியின் சூப்பர்வைசர் சூட்டிய பட்டம் அது. "கண்ணு சொக்குதுங்க, ஓரம் கட்டிட்டுக் கொஞ்சம் படுத்துக்கறேன்" என்று போனில் கேட்டதற்கு, "யோவ் தூங்குமூஞ்சி, மூஞ்சில தண்ணிய அடிச்சிட்டு வண்டிய எடுய்யா" என்று பதில் வந்தது. தண்ணீரை அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். மறுபடி கண் விழித்தபோது லாரி ஒரு பஸ் நிறுத்தத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றிருந்தது. நல்ல வேளை, பெஞ்சில் யாரும் இல்லை. சற்று முன்புவரை யாரோ இருந்திருக்கிறார்கள்; பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் ஒன்று திறந்து கிடந்தது.

அந்த பிஸ்கட் பாக்கெட் அவரை விடவில்லை. சாவியைச் சூப்பர்வைசரின் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அதன் பிறகு எந்தக் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: தூக்கம் வந்தால் நிறுத்தலாமா? யாரும் கூடாது என்று சொல்லவில்லை. கூடும் என்றும் சொல்லவில்லை. "பாத்துக்கலாம்" என்றார்கள். யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை என்பதை மரியாதையாகச் சொல்ல நம்மிடம் இருக்கிற சொல் அது.

"இப்படியே வீட்ல படுத்துக் கெடக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"வீட்ல தூங்கினா யாரையும் இடிக்க மாட்டேன்ல?"

"எங்கம்மா இடிச்சு இடிச்சுப் பேசுதே, அதுக்கு என்ன பண்றது?"

மாமியாரின் இடி தாங்காமல்தான் மைத்துனன் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போகச் சம்மதித்தார். இருப்பதிலேயே பெரிய கம்பெனி. மைத்துனன் அங்கே உறவு மேம்பாட்டு அலுவலர். அது என்ன வேலை என்று யாராவது கேட்டால் கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொள்வான். கட்டிட வாசலில் ஆள் உயரப் பலகை: 'நாங்கள் ஓட்டுவது வண்டி அல்ல, உறவு.' பக்கத்துப் படத்தில் முதலாளி ஒரு ஸ்டியரிங்கைக் குழந்தைபோல மார்போடு அணைத்திருந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லிடறேன். இங்க டிரைவர்னு யாரும் கிடையாது. எல்லாரும் பயணச் செல்வங்கள்" என்றான் மைத்துனன்.

"அப்ப லாரிய யாருடா ஓட்டறா?"

"பயணச் செல்வங்கள்தான். அப்புறம், அப்பா வந்தா எழுந்து நிக்கணும்."

"உங்கப்பாவா? அவருக்கு முட்டி வலியாச்சேடா, இவ்ளோ தூரம் எப்படி வருவாரு?"

"ஐயோ மாமா! முதலாளிய இங்க எல்லாரும் அப்பான்னுதான் கூப்பிடணும். நாமெல்லாம் ஒரே குடும்பம்."

கூடத்தில் வேலைக்கு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வந்தார். அங்கிருந்த பாதிப் பிள்ளைகளைவிட வயதில் சிறியவர். காதோரம் மட்டும் நரைத்திருந்தது, அதுவும் இரண்டு பக்கமும் அச்சடித்தாற்போல ஒரே அளவில்.

"இங்க முதலாளி, தொழிலாளிங்கற பேச்சே கிடையாது" என்று கைகளை விரித்தார். "நான் அப்பா, நீங்க புள்ளைங்க. குடும்பத்துல யாராவது கடிகாரம் பாத்து வேலை செய்வாங்களா?"

மைத்துனன் கைதட்டினான். பிறகு ஒவ்வொருவராக எழுந்து "வணக்கம் அப்பா" என்று சொல்ல வேண்டும். சொன்னவர்களுக்கு ஒரு தொப்பி. தொப்பிகள் வேகமாக நகர்ந்து தூங்குமூஞ்சியிடம் வந்து நின்றன.

"என்னால முடியாதுங்க" என்றார் அவர்.

"ஏம்ப்பா, கூச்சமா?"

"கூச்சமில்லீங்க, முறை இடிக்குது. இதோ நிக்கறானே, இவன் என் பொண்டாட்டி கூடப்பொறந்த தம்பி. இவன் உங்கள அப்பாங்கறான். நானும் அப்பான்னு கூப்பிட்டா இவன் எனக்குத் தம்பி. அப்ப இவன் அக்கா எனக்கு என்ன வேணும்? புள்ளைங்க வேற பொறந்து பள்ளிக்கூடம் போவுதுங்க. இப்பப் போய் அவள தங்கச்சின்னா ஒத்துப்பாளா?"

கூடம் குலுங்கியது. ஒருவர் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளியின் தகப்பன் ஸ்தானம் அதுவரை இப்படியொரு சிக்கலைச் சந்தித்ததில்லை. ஆனாலும் பெருந்தன்மையை விட முடியுமா?

"சரிப்பா, நீ மட்டும் மாமான்னு கூப்பிட்டுக்கோ."

"அது பொருந்துதுங்க. அப்ப நான் மாப்பிள்ளை."

"மாப்பிள்ளையேதான்!"

"மாப்பிள்ளை தூங்கினா மாமனார் வீட்ல டிவி சத்தத்தக் கொறச்சு வைப்பாங்க. உங்க வீட்ல எப்படிங்க மாமா? ரோட்ல எனக்குத் தூக்கம் வந்தா ஓரமா நிறுத்திப் படுத்துக்கலாமா? போன் போட்டுக் கத்த மாட்டீங்களே?"

சிரிப்பு சட்டென்று நின்றது. எல்லாருக்கும் அந்தப் பதில் தேவையாக இருந்தது.

முதலாளி கண்ணை மூடித் திறந்தார். உழைப்பு என்பது தவம் என்றார். சூரியன் ஓய்வு கேட்கிறதா, கடலலை விடுப்பு எடுக்கிறதா என்றார். தூங்குமூஞ்சி நின்றபடியே முழுதும் கேட்டார்.

"தவம் சரிங்க மாமா. தூக்கம் வந்தா நிறுத்தலாமா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்ப்பா."

"அப்ப நான் வேற எடத்துல சம்பந்தம் பாத்துக்கறேன்" என்று வாசலைப் பார்த்து நடந்தார். பின் வரிசையில் ஒருவர் தொப்பியை நாற்காலியில் வைத்தார். "யோசிச்சுப் பாத்தா எனக்கும் மாப்பிள்ளை முறைதான் வருது" என்று அவரும் கூடவே கிளம்பினார்.

"மாமா, என் மானத்த வாங்கிட்டீங்களே!" என்று ஓடி வந்தான் மைத்துனன்.

"எந்த மாமாவச் சொல்ற? என்னையா, உள்ள இருக்கறவரையா?"

விஷயம் அவருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"தங்கச்சின்னா சொன்னீங்க என்னை?"

"அக்கான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் முகம் மாறியது. "எங்கம்மாவ நான் பாத்துக்கறேன். அந்தக் கேள்விய மட்டும் எவங்கிட்டயும் விட்டுக் குடுக்காதீங்க. ஊரு தூங்குமூஞ்சின்னு சொல்லிட்டுப் போவட்டும். எனக்கு அந்த மூஞ்சி முழுசா வீடு வந்து சேரணும்."

அடுத்து அவர் போனது டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைக்கு. பலகை இல்லை, தொப்பி இல்லை. லாரிகளின் சொந்தக்காரி கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்து ஒரு சக்கரத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீதான அந்தத் தூங்குமூஞ்சி?"

"ஆமாங்க. தூக்கம் வந்தா நிறுத்தலாமா?"

"நிறுத்தாம? தூங்கிக்கிட்டே ஓட்டுவியா? வண்டி என்னுதுய்யா!" இப்போதுதான் நிமிர்ந்தாள். "உம்மேல அக்கறைன்னு நெனச்சுக்காத. வண்டி மேல."

சூரியன், கடலலை ஏதாவது வருமா என்று காத்திருந்து பார்த்தார். வரவில்லை. அவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

"உங்கள என்னன்னு கூப்பிடறதுங்க?"

"நீ எதுக்குக் கூப்பிடற? லோடு இருந்தா நான் கூப்பிடறேன்."

கூப்பிட்டாள். முதல் லோடிலேயே, மதிய வெயிலில், கண் சொக்கியது. ஓரமாக நிறுத்தி அவளுக்குப் போனில் சொன்னார். "சரி" என்று வைத்துவிட்டாள். கத்தல் பாக்கி இருக்கும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தது. அவள் இல்லை, சரக்கு போய்ச் சேர வேண்டிய கிடங்கிலிருந்து ஒருவன்.

"என்னய்யா, உங்க வண்டி ஒரே எடத்துல நிக்குது?"

"டிரைவர் தூங்கறாருங்க."

"எழுப்புய்யா அந்த ஆள!"

"எழுப்ப முடியாதுங்க."

"நீ யாருய்யா?"

"டிரைவர்தாங்க."

அந்தப் பக்கம் அவன் கணக்கைச் சரிபார்த்து முடிப்பதற்குள் தூங்குமூஞ்சி போனை அணைத்தார், கேபின் திரையை இழுத்துவிட்டார், காலை நீட்டினார்.