புதருக்குள் பதில் கூவியது

பல் டாக்டருக்கு அன்றைக்கு எப்படியாவது நீல ஈப்பிடிப்பானைக் கண்டுபிடித்தாக வேண்டும். பறவை பார்ப்போர் சங்கத்துக்கு மாலையில் தேர்தல். அந்தப் பறவையை முதலில் காட்டுகிறவருக்கே தலைவர் நாற்காலி என்று உறுப்பினர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். இப்போதைய தலைவர் அவர் மனைவியின் அண்ணன். மச்சானை இறக்கிவிட்டு அதே நாற்காலியில் உட்காருவதைவிடப் பெரிய சுகம் இந்த ஜென்மத்தில் இருப்பதாக டாக்டருக்குத் தோன்றவில்லை.

அடையாளமெல்லாம் அத்துப்படி. முதுகு நீலம், மார்பு ஆரஞ்சு. ஓடையோரத்து இருட்டுப் புதரைவிட்டு லேசில் வெளியே தலைகாட்டாது. இழுத்து இழுத்து ஒரு சீழ்க்கை. கூடவே பறவை தேடி வந்த உறுப்பினர் கூட்டத்தைக் கழற்றிவிட்டு ஓடைப்பக்கம் நழுவியவர், போனில் பதிவுசெய்திருந்த கூவலை ஒலிக்கவிட்டார். இப்படிப் பறவையை ஏமாற்றி அழைப்பவரைச் சங்கத்தைவிட்டே தூக்க வேண்டும் என்பது விதி. மேசையைத் தட்டித் தட்டி அதை நிறைவேற்ற வைத்தவரும் சாட்சாத் இவரேதான்.

புதருக்குள்ளிருந்து பதில் கூவியது!

டாக்டர் குப்புறப் படுத்து ஊர்ந்தார். மறுபடி ஒலிக்கவிட்டார். பதில் இன்னும் கிட்டத்தில் வந்தது. சட்டை கிழிந்தது, முழங்கை சிராய்த்தது. கடைசிக் கிளையை விலக்கினால், எதிரே தவழ்ந்த கோலத்தில் தலைவர். அவர் கையிலிருந்த போன் கூவிக்கொண்டிருந்தது.

"மாப்ள... நீங்களா?"

"வெக்கமா இல்ல மச்சான்? தலைவரா இருந்துக்கிட்டு!"

"அத உங்க போனை அமுக்கிட்டுச் சொல்லுங்க."

இரண்டு போன்களும் அடங்கின. சீழ்க்கை அடங்கவில்லை. அண்ணாந்து பார்த்தார்கள். கொப்பில் அசல் ஈப்பிடிப்பான், தன் பேட்டைக்குள் புகுந்த போக்கிரிகளை வைதுகொண்டிருந்தது.

"நாந்தான் மொதல்ல பார்த்தேன்," என்றார் டாக்டர்.

"போய்ச் சொல்லுங்க. எப்படி வரவழைச்சீங்கன்னு நான் சொல்றேன்."

"அப்ப உங்க போனைப் பத்தியும் சொல்லுவேன்."

அதற்குள் சத்தம் கேட்டு உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"அது என்ன சார், நீலமா?"

"சிட்டுக்குருவி," என்றார்கள் மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே குரலில்.

"சிட்டுக்கு ஏது சார் நீல முதுகு?"

"வெயில்ல அப்படித்தாம்மா தெரியும்."

"இங்கதான் வெயிலே இல்லையே?"

"அதனாலதான்," என்றார் டாக்டர்.

நிபுணர்கள் இருவரும் ஒத்துப்போவது சங்க வரலாற்றிலேயே முதல் தடவை என்பதால் எல்லோரும் தலையாட்டினார்கள். பறவை கீழே பாய்ந்து டாக்டரின் தொப்பிமேல் உட்கார்ந்து வாய்கிழியக் கூவியது. தலைவர் பதவி உச்சந்தலையில் நடமாடுவதை உணர்ந்தபடி, டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தார்.