சேலை வேலிக்குள் விளைந்தது யார் பயிர்?

பேருந்தில் சங்கரன்கோவிலுக்கு விரைகின்றவர்களே, பனவடலிசத்திரத்தில் இறங்குங்கள். இந்த வரப்பில் வந்து நில்லுங்கள். ஆளுயர மக்காச்சோளம் மண்ணோடு மண்ணாய்க் கிடப்பதைப் பாருங்கள். பால்பிடித்த கதிர்களைக் குதறிய காட்டுப்பன்றிகள் விடியுமுன்பே போய்விட்டன. அவை பசிக்குத் தின்றன. அவற்றின்மேல் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு விடிந்தபின் வந்தவர்களோடு.

ஒன்பது ஆண்டுகளாக ஆறுமுகத்தாய் இந்தப் புஞ்சையை வாரத்துக்கு உழுகிறாள். விளைச்சலில் பாதி நிலத்துக்காரர் முத்துக்குமாரசாமிக்கு. எல்லாம் வாய்ப்பேச்சு. எழுத்துக் கேட்டால் அவரைச் சந்தேகிப்பதாகிவிடும் என்று அவள் கேட்டதே இல்லை. பன்றியை மிரட்டக் கம்புக்குக் கம்பு தன் பழஞ்சேலைகளைக் கட்டி வேலியாக்கியிருந்தாள்.

சேதம் பார்க்க வந்த அலுவலர், பயிரிடுபவர் பெயரெழுதும் அடங்கலைப் புரட்டினார். அங்கும் முத்துக்குமாரசாமியின் பெயரே இருந்தது. அவரும் காரில் வந்திறங்கி, செருப்பில் மண் படாமல் நின்றார்.

“நட்டஈட்டு மனுவ நான் குடுத்துக்கிடுதேன். நீ ஏன்ட்டி வெயில்ல அலையுத?”

“அடங்கல்ல என் பேர எழுதச் சொல்லுங்க அண்ணாச்சி. அது போதும்.”

“இன்னைக்குப் பேரக் கேப்ப. நாளைக்கு நிலத்தக் கேப்ப.”

அவள் அலுவலரை வேலியோரம் அழைத்துப்போனாள்.

“இது எனக்கு வளைகாப்புக்கு வந்தது சார். அந்தக் கிழிஞ்சது எங்க அம்மா கட்டுனது. அண்ணாச்சி வீட்டுச் சேல இதுல ஒண்ணு இருந்தா, பயிரு அவுகளுது.”

அலுவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடங்கலில் பெயர் சேர்க்கும் மனு ஒன்றை நீட்டினார். “சேலை சாட்சி சொல்லாதும்மா. ஊர்க்காரங்க அஞ்சு பேர் கையெழுத்து வேணும். திங்கக்கிழமைக்குள்ள.”

வேடிக்கை பார்த்த ஏழு பேரும் முத்துக்குமாரசாமியின் நிலத்தையே உழுபவர்கள். அவர் ஒருமுறை அவர்களைப் பார்த்தார். தலைகள் தாழ்ந்தன. பக்கத்துப் புஞ்சை இசக்கிசெல்வி மட்டும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள்.

“என் நிலமும் போச்சுன்னா உன் வீட்லதான் சோறு, பாத்துக்கோ. குழம்பு நான் வைக்கேன். நீ வச்சா பன்னிகூடத் தின்னாது,” என்று ஆறுமுகத்தாயிடம் சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினாள்.

மற்றவர்கள் கலைந்தனர். ஆறுமுகத்தாய் கலையவில்லை. மனுவின்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு, பன்றி கிழித்த சேலையை மறுபடி கம்பில் இறுக்கிக் கட்டத் தொடங்கினாள்.

இசக்கிசெல்வியின் பெயருக்குக் கீழே இன்னும் நான்கு கோடுகள் வெறுமையாக இருக்கின்றன. உழுதவள் யாரென்று அறிந்தவர்களே, கல்லை நகர்த்துங்கள். கையெழுத்திடுங்கள்.